உடற்புறத்தே வளரும் என்பு உயிரணுக்கள்: ஓர் அறிமுகமும் ஒரு வினாவும்

தோற்றுவாய்

வடலூர்ச் சத்திய ஞானசபையின் நுழைவாயிலில், கொலையும் புலாலும் நீக்கியவர் மட்டுமே உட்புகுதல் வேண்டும் என்னும் கருத்துடைய விதி எழுதப்பட்டிருப்பதை அங்குச் சென்றோர் அறிவர். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு தோன்றிய இராமலிங்க வள்ளலார், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. ஞானசபை வழிபாடு 1872இல் தொடங்கிற்று. பசி நீக்குதலும் கொலை தவிர்த்தலும் அவர் வகுத்த சீவகாருணிய ஒழுக்கத்தின் இரு கண்கள் எனலாம்.

இவ்வொழுக்கத்தைத் தலைமுறையாகப் போற்றிவரும் குடும்பத்து மாணவி ஒருவர், உயிர்வேதியியல் பயிலச் சென்றபின் ஒருநாள் நம்மை அணுகி வினவினார்: “எலும்பின் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கக் கற்பிக்கின்றனர். அவை உயிருள்ளவை. அவற்றை வளர்ப்பதும், பின் மாய்ப்பதும் கொலையாகுமா? அன்றி, விலங்கைக் கொல்லாமலே ஆராய வழிசெய்வதால் அருட்செயலாகுமா?” அறிவியல் துறையினர் விடைகூறத்தக்க வினாவை அவர் தமிழ்த்துறைக்குக் கொணர்ந்தது முதலில் நமக்கு வியப்பளித்தது. எண்ணிப் பார்க்குங்கால், வினாவின் ஒரு பாதி நம் நூல்களைச் சார்ந்தது என்பது புலனாயிற்று. உயிர் யாது, கொலை யாது, அருள் யாது என்பன தமிழ் நூல்கள் நெடுங்காலம் ஆராய்ந்த பொருள்களே. மற்றைப் பாதியாகிய அறிவியல் செய்தியைத் துறை வல்லாரிடமும் நூல்களிடத்தும் கேட்டறிந்து, இரண்டையும் ஒருங்கே வைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என்பு என்னும் சொல்

எலும்பு, என்பு என்னும் இரண்டும் இன்றும் தமிழில் வாழும் சொற்கள். முன்னது தமிழ்நாட்டுப் பேச்சிலும் எழுத்திலும் பெருவழக்கு. பின்னது செய்யுள் வழக்கு. எனினும் இலங்கைத் தமிழ் அறிவியல் நூல்கள் என்பு என்பதையே கலைச்சொல்லாகக் கொண்டு வழங்குகின்றன. ஆகவே அச்சொல்லை வழக்கொழிந்ததாகக் கருதுவதற்கில்லை.

திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் நான்கில் என்பு என்னும் சொல் வருகின்றது. அன்புடையார் தம் என்பையும் பிறர்க்கு உரியதாக்குவர் என்பது ஒன்று. உயிர் என்போடு கூடியது அன்போடு வாழ்தற்பொருட்டு என்பது மற்றொன்று. என்பில்லாத உயிரை வெயில் காய்வது போல அன்பில்லாத உயிரை அறம் காயும் என்பது மூன்றாவது. அன்பில்லார் உடம்பு என்பின்மேல் தோல் போர்த்தது என்பது நான்காவது. அன்பு, என்பு என்னும் எதுகை நயம் இதற்கு ஒரு காரணம் ஆகலாம். ஆயினும் அதனினும் ஆழ்ந்த கருத்தொன்று இங்கே உண்டு. அன்பு நீங்கினால் எஞ்சுவது என்பும் தோலுமே என்னுமிடத்து, என்பு உயிரற்ற சட்டம் எனக் கொள்ளப்படுகின்றது. என்பையும் ஈவர் என்னுமிடத்து, அதுவே ஈகையுள் தலையாய பொருளாகின்றது.

சைவ மரபில் இச்சிந்தனை மேலும் வளர்ந்தது. அரவு தீண்டி மாண்ட பூம்பாவையின் என்பும் சாம்பரும் இட்ட குடத்தின்முன் திருஞானசம்பந்தர் மயிலையில் பதிகம் பாட, அவள் உயிர்பெற்று எழுந்த செய்தியைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். அவருடைய பெரியபுராணம் அரங்கேறிய இடம் சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபம் என்பது மரபு. சித்த மருத்துவரோ, சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என ஏழு உடற்கட்டுகளை எண்ணி, ஒன்றன் பயனால் அடுத்தது ஊட்டம் பெறும் என்றனர்.

இவற்றைக் கொண்டு, இன்றைய கண்டுபிடிப்புகளை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று கூறுதல் ஆராய்ச்சி நெறியாகாது. என்பை உடம்பின் ஓர் உறுப்பாகவும், ஊட்டம் பெற்று வளர்வதாகவும் அவர்கள் கருதினர் என்ற அளவே நாம் கொள்ளத்தக்கது.

கலைச்சொல் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘செல்’ என்பதையும், இலங்கைப் பாடநூல்கள் ‘கலம்’ என்பதையும் ஆள்கின்றன. நாம் இக்கட்டுரையில் ‘உயிரணு’ என்றே வழங்குவோம். நம் வினா உயிர் பற்றியது ஆகலின், அச்சொல்லிலேயே வினா அடங்கியிருப்பது காண்க.

என்பின் அமைப்பு

என்பு காய்ந்த கட்டையன்று. குருதி ஓடுவதும், நாள்தோறும் அழிந்து ஆக்கம் பெறுவதுமான திசு. வளர்ந்த ஒருவரது என்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவு கனிமம். அது பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அபடைட்டு வகைப் படிகம். எஞ்சியதில் நீர் போக, பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழை. கொலாஜன் இன்றேல் என்பு சுண்ணாம்புக் கட்டிபோல் நொறுங்கும். கனிமம் இன்றேல் தோல் வார்போல் வளையும்.

இக்கொலாஜனின் கட்டமைப்பை விளக்கிய பெருமையில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. 1952இல் சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் துணியப்படாதது என்று சுட்டினார். அப்பொழுது சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த கோ. நா. இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் கூடி எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்தார். அவ்விருவரும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் தம் முடிவை வெளியிட்டனர். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என்பதும், ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச்சிறிய அமினோ அமிலம் அமைவதாலேயே அம்முறுக்கு நெருங்கி அமைகின்றது என்பதும் அவர் காட்டிய உண்மைகள். பின்வந்தோர் சில திருத்தங்கள் கூறினும் மும்முறுக்கு என்னும் அடிப்படை நிலைபெற்றது.

இவ்விழையை நெய்வோர் யார்? என்பில் வாழும் உயிரணுக்கள். அவற்றுள் மூவகை நமக்கு இன்றியமையாதன. முதலாவது, என்பாக்கும் உயிரணு: இது கொலாஜனைச் சுரந்து, அதன்மேல் கனிமம் படியச் செய்வது. இரண்டாவது, என்புறை உயிரணு: ஆக்கும் உயிரணுக்களுட் சில தாம் எழுப்பிய சுவருக்குள்ளேயே அகப்பட்டு, நுண்ணிய கால்வாய்களின் வழியே ஒன்றோடொன்று தொடர்புகொண்டு, என்பின்மேல் விழும் சுமையை உணர்ந்து அறிவிப்பன. வளர்ந்தோர் என்பில் மிகப்பலவாக இருப்பவை இவையே. மூன்றாவது, என்பரிக்கும் உயிரணு: பல உட்கருக்களை உடைய பெரிய உயிரணு, அமிலத்தைச் சுரந்து கனிமத்தைக் கரைத்து, நொதியால் கொலாஜனைச் சிதைப்பது. இது என்பாக்கும் உயிரணுவின் இனத்தைச் சார்ந்ததன்று. குருதியை உண்டாக்கும் மச்சையின் வழிவந்தது.

ஆக்குவதும் அரிப்பதும் ஒத்து நடக்கும்வரை என்பு நலமாக இருக்கும். அரிப்பு மிகுந்து ஆக்கம் குறையின், முதுமையில், சிறப்பாக மாதவிடாய் நின்ற மகளிரிடத்தில், என்பு மெலிந்து சிறு வீழ்ச்சியிலும் முறிகின்றது. இந்நோயை ஆராய்தற்கு இவ்வுயிரணுக்களின் வேதியியலை அறிதல் வேண்டும். ஆனால் அவை கனிமச் சுவருக்குள் மறைந்து வாழ்வன. உடலுக்குள் வைத்து அவற்றைத் தனித்துக் காணுதல் அரிது. எனவேதான் வெளியே எடுத்து வளர்க்கும் முறை தோன்றியது.

வளர்ப்பின் வரலாறு

என்பு உயிருள்ளது என்பதற்கு ஐரோப்பாவில் கிடைத்த பழைய சான்றுகளுள் ஒன்று சாயத்தைப் பற்றியது. 1736இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெல்ச்சியர், மஞ்சிட்டியினச் செடியின் சாயம் கலந்த தீனியை உண்ட பன்றிகளின் என்புகள் சிவந்திருப்பதைக் கண்டு எழுதினார். புதிதாகப் படியும் கனிமத்தோடு சாயம் சேர்வதே அதற்குக் காரணம். அச்சாயத்தின் சிறப்பான நிறப்பொருள் அலிசரின். சோழமண்டலக் கரையில் துணிக்குச் செந்நிறம் ஊட்டப் பயன்பட்ட சாயவேரிலும் அதுவே உள்ளது. இன்று செயற்கையாகச் செய்யப்படும் அதன் வழிப்பொருள் ஒன்று, வளர்ப்புத் தட்டில் என்பு விளைந்ததா என்று அறியும் சாயமாகப் பயன்படுகின்றது.

உடலுக்கு வெளியே திசுவை உயிரோடு வைத்துக் காணும் முறையை 1907இல் அமெரிக்கரான ஹாரிசன், தவளைக் கருவின் நரம்பைக்கொண்டு நிறுவினார். என்புத் துறையில் அம்முறையைக் கொணர்ந்தவருள் தலையாயவர் கேம்பிரிட்ஜில் ஸ்டிரேஞ்ச்வேஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹானர் பெல் என்னும் அம்மையார். கோழிக் கருவின் என்பு முளைகளைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, அவை தாமே வடிவுற்று வளர்வதை அவர் காட்டினார். உயிர்வேதியியலார் ராபர்ட் ராபிசன், என்பில் பாஸ்பேட்டைப் பிரித்துவிடும் நொதி ஒன்று உண்டு என்பதை 1923இல் வெளியிட்டிருந்தார். 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் இவ்விருவரும் கூடி, வளர்ப்பில் உள்ள என்பிலும் அந்நொதி தோன்றுவதை ஆராய்ந்தனர். என்பு வளர்ப்பும் உயிர்வேதியியலும் கைகோத்த இடம் அதுவே.

ஆயினும் அவர்கள் வளர்த்தது முழு என்புத் துண்டு. உயிரணுக்களைத் தனித்தனியே பிரித்து வளர்த்தது 1964இல். அமெரிக்கரான பெக்கும் அவருடன் உழைத்தோரும், எலிக்குட்டிகளின் மண்டையோட்டு என்பைக் கொலாஜனைக் கரைக்கும் நொதியில் இட்டு, விடுபட்ட உயிரணுக்களை வளர்த்து அவற்றின் வேதியியலை ஆராய்ந்தனர். பின்னர் நெடுங்காலம் பெருகவல்ல உயிரணு வழிகள் தோன்றின. 1973இல், 11 அகவைச் சிறுமி ஒருத்தியின் என்புப் புற்றிலிருந்து ‘சாவோஸ்-2’ என்னும் வழி உருவாயிற்று. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜப்பானில், பிறந்த சுண்டெலியின் மண்டையோட்டிலிருந்து ‘எம்சி3டி3-இ1’ என்னும் வழி நிலைநாட்டப்பட்டது. இத்தகைய வழிகளைக் காத்து ஆய்வாளர்க்கு வழங்கும் பணியை இந்தியாவில் புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் செய்கின்றது.

வளர்க்கும் முறை

கடலூர்ப் பகுதி நெல் விளையும் நிலம். ஆதலின் நாற்றங்காலை உவமையாகக் கொண்டால் இம்முறை எளிதில் விளங்கும்.

முதற்கண் விதை. அது மூவழியில் கிடைக்கும்: பிறந்த எலி, சுண்டெலி ஆகியவற்றின் மண்டையோடு ஒன்று, முன்னரே நிலைநாட்டிய உயிரணு வழி மற்றொன்று, இடுப்பு மூட்டு மாற்றும் அறுவையில் நீக்கப்படும் தொடையெலும்பின் தலை போன்ற மனித என்பு மூன்றாவது. மனித என்பைக் கொள்வோர் அதனைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, மச்சை நீங்குமாறு பன்முறை கழுவித் தட்டில் பரப்புவர். ஓரிரு வாரங்களில் துணுக்கின் ஓரங்களிலிருந்து உயிரணுக்கள் தட்டின்மேல் ஊர்ந்து வெளிப்படும்.

அடுத்தது நிலமும் நீரும். உயிரணுக்கள் தட்டின் அடியில் ஒட்டி வளர்வன. அவற்றின்மேல் உப்புகள், சர்க்கரை, அமினோ அமிலங்கள், வைட்டமின்கள் அடங்கிய ஊட்டநீரை ஊற்றுவர். அதனுடன் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு சீரம் சேர்ப்பது வழக்கம். சீரமாவது குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீர். வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் அதில் மிகுதி. பின்னர்த் தட்டை 37 பாகை செல்சியசு வெப்பமும், ஈரமும், 5 விழுக்காடு கரியமில வாயுவும் உடைய அடைகாப்புப் பெட்டியில் வைப்பர். குருதியில் அமிலமும் காரமும் ஒத்திருக்கக் கரியமில வாயுவும் பைகார்பனேட்டும் துணைசெய்வது போன்றே இங்கும் செய்கின்றன. நுண்கிருமி ஒன்று புகினும் விளைவு கெடும். ஆகலின் வடிகட்டிய தூய காற்று வீசும் மேடையிலேயே வேலை அனைத்தும் நடைபெறும்.

மூன்றாவது நடவு. உயிரணுக்கள் பெருகித் தட்டை நிரப்பியதும், இடமின்மையால் வளர்ச்சி தளரும். நாற்று முதிருமுன் பறித்து நடுதல் போல, டிரிப்சின் என்னும் நொதியால் அவற்றின் பிடியைத் தளர்த்தி எடுத்து, பல தட்டுகளில் பகிர்ந்து இடுவர். எஞ்சியவற்றை நீர்ம நைட்ரஜனில், சுழியத்திற்குக் கீழ் 196 பாகைக் குளிரில் உறையவைத்து விதைநெல் போலக் காப்பர்.

இங்ஙனம் பெருகியவை இன்னும் என்பை ஆக்கவில்லை. அதற்குச் சிறப்பு உரம் வேண்டும். அஸ்கார்பிக் அமிலமாகிய வைட்டமின் சி ஒன்று: கொலாஜனின் முறுக்கு உறுதிபெற அதன் துணை தேவை. அது உணவில் இல்லாத கடலோடிகளுக்கு ஈறு கசிந்து பழம்புண் திறந்த ஸ்கர்வி நோய் வந்தது இக்காரணத்தாலேயே. பீட்டா கிளிசரோபாஸ்பேட்டு மற்றொன்று: ராபிசன் கண்ட நொதி அதிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்துக் கனிமத்திற்கு அளிக்கும். மனித உயிரணுக்களுக்கும் மச்சை உயிரணுக்களுக்கும் டெக்சாமெதசோன் என்னும் மருந்தையும் சேர்ப்பர். ஏறத்தாழ மூன்று வாரங்களில் தட்டின்மேல் கனிம முடிச்சுகள் தோன்றும். அலிசரின் சாயம் இட்டால் அவை செந்நிறப் புள்ளிகளாய் ஒளிரும்.

உயிர்வேதியியலார் இதன்கண் அளப்பன பல. நொதியின் வலிமையை, நிறமற்ற ஒரு பொருளை அது மஞ்சளாக்கும் வேகத்தால் அளப்பர். சுரந்த கொலாஜனின் அளவை அளப்பர். எந்த மரபணுக்கள் எப்பொழுது விழித்தெழுகின்றன என்று பார்ப்பர். இம்முறையால் விளைந்த அறிவுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அரிக்கும் உயிரணு தானே தோன்றுவதன்று. ஆக்கும் இனத்து உயிரணுவின் அருகில் வளர்த்தாலே தோன்றும் என்பதை ஜப்பானிய அறிஞர் 1980ஆம் ஆண்டுகளில் இருவகையையும் ஒரே தட்டில் வளர்த்துக் கண்டனர். ஆக்குவது அரிப்பதற்கு விடுக்கும் அச்செய்தி எந்தப் புரதம் என்பது 1998இல் தெளிவாயிற்று. அப்புரதத்தைத் தடுக்கும் மருந்து இன்று என்பு மெலிவு நோய்க்கு வழங்கப்படுகின்றது.

பிரண்டை: தமிழ்நாட்டுச் சான்று

இனி நம் வினாவிற்கு நெருங்கிய ஒரு செய்தியைக் காண்போம். பிரண்டை நம் வேலிகளிற் படர்வது; துவையலாக உண்ணப்படுவது. வச்சிரவல்லி என்பது அதன் மறுபெயர். முறிந்த எலும்பு கூடுதற்கு அதனை அரைத்துக் கட்டுவதும் உண்பிப்பதும் நாட்டு மருத்துவர் வழக்கு.

இவ்வழக்கு உண்மையா என்று அறிய, 1964இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்து மருத்துவர் உடுப்பாவும் பிரசாதும் தம் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் மேற்கொண்ட வழி, விலங்குகளின் எலும்பை முறித்து, பிரண்டை அளித்து, முறிவு கூடும் வேகத்தையும் வலிமையையும் கதிரியக்கக் கால்சியத்தின் துணையால் அளப்பது. அன்றைய அறிவியலுக்கு அதனினும் நேரிய வழி இல்லை. பெக் உயிரணுக்களைப் பிரித்தெடுத்த செய்தி வெளிவந்ததும் அதே 1964 என்பது நோக்கத்தக்கது.

2011இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் உள்ள டாக்டர் ஏ. எல். முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தார், அதே பிரண்டைச் சாற்றை மேலே கூறிய சாவோஸ்-2 உயிரணுக்களில் இட்டு ஆராய்ந்தனர். உயிரணுக்களின் பெருக்கம், முதிர்ச்சி, கனிமம் படிதல் ஆகிய மூன்றையும் அச்சாறு ஊக்குவதாக அவர்கள் அறிவித்தனர். இவ்வாய்விற்கு எந்த விலங்கின் காலையும் முறிக்கவேண்டியிருக்கவில்லை. வினா ஒன்றே, 47 ஆண்டுகளில் அதனை வினவும் வழி மாறிற்று.

ஆயினும் எல்லையை மறவாதிருத்தல் வேண்டும். சாவோஸ்-2 புற்றின் வழிவந்தது. இயல்பான உயிரணு அன்று. தட்டில் குடல் இல்லை. உண்ட பிரண்டையில் எவ்வளவு செரித்து என்பை அடையும் என்று அது கூறாது. சிறுநீரகம் இல்லை, நஞ்சாயின் தெரியாது. நடத்தலும் சுமத்தலும் இல்லை. என்போ சுமைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்வது. ஆகவே தட்டில் நன்று எனக் கண்டது நோயாளிக்கும் நன்று என்று துணிதல் கூடாது. தட்டு ஒரு சல்லடை: பயனற்றவற்றை முன்னரே கழித்து, விலங்கிடத்தும் மனிதரிடத்தும் சோதிக்கவேண்டியவற்றைச் சிலவாக்குவது. 1959இல் ரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், விலங்காய்வுக்கு மாற்றுக் காணுதல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல் என மூன்று நெறிகளை வகுத்தனர். உயிரணு வளர்ப்பு முதல் இரண்டிற்கும் துணைசெய்வது. இந்தியாவிலும் 2023இல் திருத்தப்பெற்ற புதிய மருந்து விதிகள், விலங்கல்லாத முறைகளால் பெறும் சான்றுகளையும் ஏற்க இடந்தந்தன.

வினாவும் விடையும்

மாணவியின் வினாவை இப்பொழுது மூன்றாகப் பகுத்துக் காணலாம்: உயிரணுவை மாய்த்தல் கொலையா? விதை எங்கிருந்து வந்தது? ஊட்டநீர் எங்கிருந்து வந்தது?

முதலாவது எளிது. வள்ளலாரின் சீவகாருணிய ஒழுக்க நூல், உயிர்கட்கு வரும் இடர்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என எண்ணுகின்றது. துன்பத்தை உணரும் உயிரே அங்குப் பேசப்படுவது. மரம் செடிகளின் காய் கனி முதலியன கொள்ளுதல், உடம்பினின்றும் நகமும் உரோமமும் களைதல் போலத் துன்பம் தாராது என்னும் கருத்தும் அந்நூலில் உண்டு. தட்டில் வளரும் என்பு உயிரணுவுக்கு நரம்பில்லை. துன்பம் உணர வழியில்லை. நம் உடம்பிலேயே ஆண்டுதோறும் என்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அரிக்கப்பட்டுப் புதிதாகின்றது. அதனைக் கொலை என்பார் இல்லை. ஆகவே உயிரணுவின் மறைவு வேறு, உயிரின் கொலை வேறு.

இரண்டாவது அத்துணை எளிதன்று. எலிக்குட்டியின் மண்டையோட்டிலிருந்து பெறும் உயிரணுவுக்கு அக்குட்டி மடிதல் வேண்டும். நிலைநாட்டிய வழியைக் கொண்டால், ஒருமுறை பெற்றதே பல்லாண்டு பயன்படுவதால் புதிய கொலை வேண்டுவதில்லை.

மூன்றாவதே பலர் அறியாதது. ஊட்டநீரில் பெரும்பாலும் சேர்க்கும் சீரம், கொல்களத்தில் வெட்டுண்ட சினைப்பசுவின் வயிற்றிலிருந்த கன்றின் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. எலும்பு மருந்தின் ஆய்வில் விலங்கு எதுவும் கொல்லப்படவில்லை என்று ஒருவர் எழுதும்பொழுது, அவர் கையிலுள்ள செந்நிற ஊட்டநீருக்குள்ளேயே பிறவாத கன்று ஒன்று இருக்கின்றது. இதனை மறைத்துவிட்டு உயிரணு வளர்ப்பை முழு அருட்செயல் என்று கூறுதல் உண்மையாகாது. இதனை மாணவியிடம் கூறியபொழுது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

மாற்று இல்லாமலில்லை. இன்ன பொருள் இவ்வளவு என்று அளந்து செய்த, சீரம் அற்ற ஊட்டநீர்கள் உள்ளன. அவற்றின் விலை மிகுதி, எல்லா உயிரணுவுக்கும் ஒன்றே பொருந்துவதும் இல்லை. மனிதர் கொடையாக அளித்த குருதியின் தட்டணுக்களிலிருந்து பெறும் சாறு மற்றொன்று. மச்சையிலிருந்து வரும் உயிரணுக்களை வளர்க்க அது நன்கு உதவுவதாகப் பலரும் கண்டுள்ளனர். நோயாளிக்குச் செலுத்தும் காலம் கடந்த தட்டணுக்களையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

விதைக்கும் இத்தகைய மாற்று உண்டு என்பதை முன்னரே கண்டோம். இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்ளும் முதியவர், தமக்கு இனி உதவாத என்பை ஆய்வுக்குத் தர இசையலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டிகளின்படி, அறநெறிக் குழுவின் ஒப்புதலும், பொருள் விளங்கக் கூறிப்பெற்ற இசைவும் அதற்கு வேண்டும். இசைவின்றி எடுத்தது கழிவு. இசைந்து தந்தது கொடை. பொருள் ஒன்றேயாயினும் அறம் வேறு.

முடிவுரை

இவ்வாறு நோக்கின், மாணவியின் வினாவிற்கு ஆம் என்றோ அன்று என்றோ ஒரு சொல்லில் விடை இல்லை. என்பு உயிரணு வளர்ப்பு கொலையன்று. ஆனால் கொலையின் சார்பு இன்னும் முற்றும் நீங்காதது. அது அருளின் திசையில் எடுத்துவைத்த அடி. பயணம் முடிந்த இடமன்று. விலங்கின் காலை முறித்த நிலையிலிருந்து தட்டிற்கு வந்தது முதல் அடி. கன்றின் சீரத்திலிருந்து மனிதக் கொடைக்கு வருவது அடுத்த அடி. அதனை எடுத்துவைப்பது அறிவியலார் கையில் உள்ளது. ஆய்வேடு எழுதுவோர் ‘உயிரணு இவ்விடத்தது, சீரம் இவ்வகையது’ என்று ஒளியாது எழுதுதலும், மாற்று ஊட்டநீரை ஒருமுறையேனும் ஒப்பிட்டுப் பார்த்தலும் இன்றே தொடங்கத்தக்கவை. அம்மாணவி தம் ஆய்வைக் கைவிடவில்லை. ஆனால் தம் ஆய்வுத் திட்டத்தில் அவ்வொப்பீட்டை ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டார் என்பதை ஈண்டுக் கூறுதல் தகும்.

தமிழ் பயில்வோர்க்கும் இதில் ஒரு பயன் உண்டு. என்பையும் பிறர்க்கு உரியதாக்குதல் என்னும் திருக்குறட் கருத்திற்கு, புறாவின் பொருட்டுத் தன்னையே தந்த சிபி போன்றோரை எடுத்துக்காட்டுதல் மரபு. அவர்கள் நாம் எட்டமுடியாத உயரத்தில் நிற்பவர். இன்றோ அறுவைக்கூடத்தின் வாயிலில் அமர்ந்திருக்கும் எளிய முதியவர் ஒருவர், ஒரு தாளில் கையொப்பமிட்டுத் தம் என்பைப் பிறர்க்கு உரியதாக்கலாம். அது பல தட்டுகளில் வளர்ந்து, அவர் அறியாத பலரது நோய்க்கு மருந்து தேட உதவும். அக்குறளைக் கற்பிக்கும்பொழுது இவ்வெளிய எடுத்துக்காட்டையும் மாணவர்க்குக் கூறலாம் என்பது நம் கருத்து.